திவான் வேடம் வேண்டாம்: வீரமாமுனிவர் விழாக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கத்திற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், விழாவையும் விழாமலரையும் பொறுப்பேற்றிருக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிறு இரண்டாம் பூசையின் முடிவில் வாசிக்கப்பட்ட அறிவிப்பில், இவ்வாண்டு வீரமாமுனிவர் விழாவிலும் நாடகம் உண்டு என்றும், முனிவர் காலத்தில் திருச்சிராப்பள்ளியைப் பிடித்து ஆண்ட சந்தா சாகிபின் அரசவைக் காட்சிக்காகத் திருச்சியிலிருந்து ஒரு குதிரை வாடகைக்கு வரவிருக்கிறது என்றும் கேட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பீடச் சிறுவர்களில் ஒருவன் என்னிடம், "சார், நெஜமாவே சாமி குதிரைப் படையோட வந்தாரா?" என்று கேட்டான். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்திய எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்ல வாய் வரவில்லை. "அப்புறம் சொல்றேன் தம்பி" என்று நழுவி வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்லாமல் விட்ட விடையை உங்களுக்கு எழுதுகிறேன். பலரும் படிக்கும்படி எழுதக் காரணம், இந்தக் காட்சி நம் ஒரு பங்கின் மேடையில் மட்டும் நடப்பதில்லை என்பதுதான். கொள்ளிடத்தின் இரு கரையிலும் பங்குத் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா, பேச்சுப்போட்டி என்று எங்கு வீரமாமுனிவர் வந்தாலும் தலைப்பாகையும் பல்லக்குமாக, நவாபின் திவானாக, அதாவது அமைச்சராகத்தான் வருகிறார்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைச் சந்தா சாகிபின் திவானாக மேடையேற்றுவதையும், மலரில் அவ்வாறு அச்சிடுவதையும் இவ்வாண்டோடு நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்தில், இந்த ஆற்றங்கரை மக்களுக்காகவும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லாருக்காகவும் அவர் உண்மையில் செய்த பொதுப்பணியை வைக்க வேண்டும்.

திவான் கதை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். புதுச்சேரியைச் சேர்ந்தவரும் சென்னைக் கல்விச் சங்கத்தில் பணியாற்றியவருமான முத்துசாமிப் பிள்ளை 1822-இல் தமிழில் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் அதன் ஊற்றுக்கண். ஆங்கிலேய அதிகாரியான எல்லிஸ் துரை அனுப்ப, அவர் தென்னாடு முழுவதும் அலைந்து முனிவரின் ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டினார். அந்த உழைப்புக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். அவர் அலையாமல் இருந்திருந்தால் எத்தனை சுவடிகள் செல்லுக்கு இரையாகியிருக்குமோ தெரியாது. ஆனால் சுவடி தேடிப் போன இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதைகளையும் அவர் சேர்த்தே எழுதிக்கொண்டார். முனிவர் மறைந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பின் திண்ணையில் சொல்லப்பட்ட கதைகள் அவை. மூன்றே மாதத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார், நவாபு மகிழ்ந்து ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருவாய் வரும் நான்கு ஊர்களைக் கொடுத்தார், திவான் ஆக்கினார், பல்லக்கில் புலித்தோல் விரித்து மயிற்பீலி வீச ஊர்வலம் போனார் என்பவையெல்லாம் அங்கிருந்து வந்தவை.

அதே நூல் முனிவர் 1742-இல் மணப்பாட்டில் இறந்தார் என்றும் சொல்கிறது. அது பிழை. அவர் இறந்தது 1747 பிப்ரவரி 4 அன்று, சேரநாட்டு அம்பழக்காட்டில். ஒருவர் எங்கே எப்போது கண்ணை மூடினார் என்பதிலேயே ஐந்தாண்டும் ஒரு மலைத்தொடரும் தவறிப்போன நூலை, அவர் வகித்த பதவிக்கு மட்டும் சான்றாகக் கொள்வது எப்படி? இயேசு சபையினர் தங்கள் குருக்கள் எங்கே என்ன பணியில் இருக்கிறார்கள் என்று ரோமாபுரிக்கு எழுதிவந்த ஏடுகளில் இந்தத் திவான் பதவிக்குச் சான்று இல்லை. பின்னாளில் அவர் வரலாற்றைத் துருவிப் பார்த்த அச்சபை அறிஞர்களே இதை ஏற்கவில்லை. தம் சபைக்காரர் ஒருவர் அரசில் இரண்டாம் இடத்தில் இருந்தார் என்றால் பெருமையோடு பறைசாற்றியிருக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா?

கதையின் அரசியலையும் சற்றுப் பாருங்கள். சந்தா சாகிபு 1736-இல் நாயக்க அரசி மீனாட்சியை ஏமாற்றித் திருச்சிராப்பள்ளிக் கோட்டையைப் பிடித்தவர். 1741-இல் அதை மராட்டியரிடம் பறிகொடுத்துச் சாத்தாராவுக்குக் கைதியாகப் போனவர். இடையில் உள்ள நாலைந்து ஆண்டுகளில் தஞ்சைச் சீமையின் வயல்களுக்கு அவர் படைகளால் நேர்ந்தது நல்லது ஒன்றுமில்லை. அவருக்கு வரி பிரித்துக் கொடுக்கும் திவானாக முனிவர் இருந்தார் என்று நாம் கைதட்டுவது, நம் பாட்டன் பூட்டன் களத்துமேட்டில் நின்று கதறியதற்கு நாமே கைதட்டுவது போல எனக்குத் தோன்றுகிறது. பள்ளிப் பாடநூலில் வேறு ஒரு வடிவம் உண்டு: முனிவரின் எளிமையையும் துறவையும் வியந்து சந்தா சாகிபு 'இஸ்மத் சன்னியாசி', அதாவது தூய துறவி, என்று பட்டம் கொடுத்தாராம். பட்டக் கதையை நம்புகிறவர்கள்கூட ஒன்றைக் கவனிக்க வேண்டும். எளிமைக்காகப் பட்டம் பெற்றவர் வெள்ளித்தடிச் சேவகரோடு ஊர்வலம் போயிருக்க முடியாது. நம் நாடகத்தில் இரண்டும் ஒரே காட்சியில் அடுத்தடுத்து வருகின்றன.

இக்கதை ஏன் நம்மிடம் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. அரசுக்கும் நமக்கும் ஒரு காலத்தில் தொடர்பு இருந்தது, நம் சாமியார் ஒருவர் சொன்னால் நவாபே கேட்டார் என்று சொல்லிக்கொள்வதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. என் பாட்டிக்கும் அந்த ஆறுதல் இருந்தது. கோடையில் கொள்ளிடம் வற்றியிருக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தே அக்கரை போவாள், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவைப் பார்க்க. பாதி வழியில் மணல் சுடும். முந்தானையைக் கிழித்து என் காலில் சுற்றிவிட்டு, "திவான் சாமி பல்லக்குல போன வழிடா இது" என்பாள். அறுபது ஆண்டுக்குப் பின்னும் அந்தச் சூடு நினைவிருக்கிறது. அவளை நான் இப்போது மறுத்து எழுதுகிறேன் என்பது எனக்கும் எளிதாக இல்லை.

ஆனால் அந்த வழியில் உண்மையில் போனவர்கள் யார் என்று பிற்பாடு படித்தபோது, பல்லக்கை விடப் பெரிய செய்தி ஒன்று கிடைத்தது. முனிவரின் காலத்தில் கொள்ளிடம் வெறும் ஆறு அன்று, எல்லை. தென்கரை தஞ்சை மராட்டிய மன்னருடையது. வடகரையில் அரியலூர்ப் பாளையக்காரரின் ஆளுகை. 1701-இல் தஞ்சை மன்னர் சகசி காலத்தில் கிறித்தவர்கள்மேல் கடும் அடக்குமுறை நடந்தபோது, இந்தக் கரைக்காரர்கள் ஓடி ஒளிய அந்தக் கரைதான் இருந்தது. ஏலாக்குறிச்சி முனிவர் உண்டாக்கிய ஊரும் அன்று, அவர் தொடங்கிய பணித்தளமும் அன்று. அவருக்கு முன்பே அங்கே குருக்கள் இருந்தார்கள். அவர் செய்தது, அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அங்குள்ள அன்னையை அடைக்கல மாதா என்று அழைத்து, அவள்மேல் கலம்பகம் பாடி, ஆறு கடந்து வந்தவர்களின் அனுபவத்தை ஒரு பெயருக்குள் வைத்தது. காவல், அடைக்கலம் என்னும் இரண்டு சொல்லும் பக்திக்காக மட்டும் வந்தவை என்று நான் நினைக்கவில்லை. இரவில் சட்டிபானையோடு மணலைக் கடந்து வந்தவர்களுக்கு அவை பொருள் விளங்கிய சொற்கள். இதை நாடகமாக்கினால் குதிரை தேவைப்படாது. ஒரு லாந்தரும் ஒரு மூட்டையும் போதும்.

அவர் வாழ்க்கையின் மற்ற வரிகளை நீங்கள் மலரில் ஒவ்வோர் ஆண்டும் அச்சிடுகிறீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1680 நவம்பர் 8-இல் இத்தாலியில் மாந்துவாவை அடுத்த கஸ்திலியோனேயில் பிறப்பு. பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபை. 1710-இல் கோவா, அடுத்த ஆண்டு தமிழகம். தைரியநாதர் என்பது அவர் இயற்பெயரின் தமிழாக்கம். 1714-இல் நெல்லைச் சீமைக் குருக்கள்பட்டியில் சிறைப்பட்டு, கொலைத் தண்டனை வரை போய் உயிர் தப்பினார். மிச்சமிருந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் எழுதியதையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது, நான்கு ஊர்களுக்கு வரி பிரிக்க அவருக்கு எந்த நாழிகை ஓய்வாக இருந்தது என்ற கேள்விதான் எழுகிறது. தேம்பாவணி 1726-இல் வந்தது: மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாட்டு. வேதியர் ஒழுக்கம் அதை ஒட்டி. கொடுந்தமிழ் இலக்கணம் 1728. தொன்னூல் விளக்கமும், திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்குமான இலத்தீன் மொழிபெயர்ப்பும் 1730. சதுரகராதி 1732. ஆறேழு ஆண்டுகளுக்குள் இவ்வளவும்.

இவற்றுள் எது ஊர்ப்பணி என்று கேட்பீர்கள். இரண்டைச் சொல்கிறேன். முதலாவது ஒரு சுழி.

நான் பணியில் இருந்தபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு பயிற்சி வைப்பேன். பதமாக வெட்டி வேகவைத்து உலர்த்திய பனையோலை நறுக்குகளைக் கையில் கொடுத்து, எழுத்தாணி இல்லாததால் ஆளுக்கொரு கோணி ஊசியையும் கொடுத்து, கரும்பலகையில் உள்ளதைக் கீறச் சொல்வேன். முதலில் எல்லாருக்கும் கோடுதான் வரும், எழுத்து வராது. நேர்க்கோடு இழுத்தால் ஓலை நரம்போடு பிளந்துகொள்ளும்; வளைத்து வளைத்துக் கீறினால்தான் தாங்கும். கொஞ்சம் பழகியபின், பழைய முறைப்படி எகரத்தின் தலையில் புள்ளி வைக்கச் சொல்வேன். தொல்காப்பியர் காலம் முதல் குற்றெழுத்துக்குத்தான் புள்ளி. எ, ஒ என்னும் இரண்டின்மேலும் புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். ஊசியை ஊன்றிப் புள்ளி குத்தியதும் ஓலை பொத்துவிடும். நாற்பது பிள்ளைகளில் முப்பது பேர் ஓலையைக் கெடுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். "இதனால்தான் ஏடு எழுதினவங்க புள்ளியே வைக்கல" என்பேன்.

அப்புறம் புள்ளி இல்லாத ஓலையைப் படிக்கச் சொல்வேன். 'எரி உடைந்தது' என்று இருக்கும். "எரி எப்படி சார் உடையும்?" என்று ஒரு பெண் ஒருமுறை கேட்டாள். அது ஏரி அம்மா. எரியும் ஏரியும் ஓலையில் ஒன்று; நெருப்பும் நீரும் ஒன்று. செறு என்றால் வயல், சேறு என்றால் சேறு, இரண்டும் ஒன்று. கொள்ளும் கோளும், பெறுவதும் பேறும், தொடுவதும் தோடும் எல்லாம் அப்படியே. புலவருக்கு இடமறிந்து படிக்கத் தெரியும். கணக்குப்பிள்ளை எழுதிய ஓலையில் தன் நிலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வந்த குடியானவனுக்குத் தெரியுமா? எழுதியவனே படித்துக் காட்டினால்தான் உண்டு. எழுத்தில் உள்ள ஐயம் எப்போதும் எழுத்து அறிந்தவன் பக்கமே சாயும்.

வீரமாமுனிவர் புள்ளியை விட்டுவிட்டு வடிவத்தை மாற்றினார். எகரத்தின் காலைக் கீழே இழுத்து ஏ ஆக்கினார். ஒகரத்தின் அடியில் சுழித்து ஓ ஆக்கினார். கொம்பின் தலையில் இன்னொரு சுழி சேர்த்து ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பு ஆக்கினார். ஓலை பொத்தாது, ஊசி தூக்க வேண்டியதில்லை, கை போகிற போக்கிலேயே குறிலும் நெடிலும் பிரிந்துவிடும். பின்னால் அச்சு பரவியபோது இந்த வடிவங்களே ஈயத்தில் வார்க்கப்பட்டு நிலைத்தன. இன்று நம் ஊர்ப் பெயர்ப்பலகையில் மேலத்தெரு என்று எழுதியிருக்கும் இரட்டைக் கொம்பு அவருடையது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தாய்ப்பத்திரம் படிக்கும்போதும், பிள்ளை கைபேசியில் 'போறேன்' என்று தட்டும்போதும், எந்தச் சமயத்தாராக இருந்தாலும், அவர் வைத்த சுழியின் வழியாகத்தான் போகிறோம். கோயில் திருவிழா நோட்டீசில் உள்ள 'தேரோட்டம்' என்னும் ஒரு சொல்லில் அவர் எத்தனை முறை இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, சதுரகராதி. அதற்கு முன் சொல்லுக்குப் பொருள் காண நிகண்டுகள் இருந்தன, எல்லாம் செய்யுள். சிறுவயதில் திண்ணைப்பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தால் நிகண்டு உங்களுக்கு உதவும். செய்யாதவன் தன் சொல் எந்தப் பாட்டில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. அகரவரிசை என்னும் எண்ணமே அவருடையது என்று மேடையில் சொல்வதும் மிகை. 1594-இல் எழுந்த அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையில் சொற்களை வைத்திருக்கிறது; 1679-இல் அந்தோனியோ தெ புரோயன்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி அச்சாகியும் விட்டது, அதுவும் முனிவர் பின்னாளில் கண்மூடிய அதே அம்பழக்காட்டில். முனிவர் செய்தது, தமிழுக்குத் தமிழிலேயே, பாட்டை உடைத்து, பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு வாயில் வைத்து, எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் நுழையும்படி சொற்களை அடுக்கியது. மனப்பாடம் என்னும் காவலாளி அங்கிருந்து எழுந்து போனான். 1824-இல் அது சென்னையில் முழுமையாக அச்சேறியது. நம் பங்கில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம்? நம் பங்கு நூலகத்தில் அது இல்லை. நாடகத்துக்கான பட்டுத் தலைப்பாகை மட்டும் பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக இருக்கிறது.

உபதேசியார்களுக்காக அவர் எழுதிய வேதியர் ஒழுக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். குரு ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் ஊர்களில், பிள்ளைக்குப் பெயரிடுவது முதல் சாகிறவர் தலைமாட்டில் செபம் சொல்வது வரை செய்தவர் உபதேசியார்தான். அவர்களுக்காகப் பாட்டு எழுதாமல், எடுத்து வாசித்தால் புரியும்படி உரைநடை எழுதினார். தேம்பாவணி எழுதிய கை அது என்பதை நினைத்தால் அந்த இறங்கி வருதலின் அருமை தெரியும்.

இதை எழுதும்போது ஒரு சொந்த வருத்தத்தையும் மறைக்க விரும்பவில்லை. ஆறாண்டுகளுக்கு முன் ஒரு விழாமலர்க் குழுவினர் கேட்டதால் (எந்த ஊர் மலர் என்பது இங்கே வேண்டாம்) இந்தச் செய்திகளையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது ஒன்றரைப் பக்கம் இருந்தது. எஞ்சிய இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம். அதில் எனக்கு வருத்தமில்லை, மலர் அச்சிடப் பணம் வேண்டும். ஆனால் "திவானாக இருந்தமைக்குச் சான்று இல்லை" என்று நான் எழுதியிருந்த வரி "திவானாக இருந்தமைக்குச் சான்று உள்ளது" என்று ஆகியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் வண்ணப் பல்லக்கு. கேட்டதற்கு, "படத்துக்கும் கட்டுரைக்கும் ஒத்துப்போகணும்ல சார்" என்று பதில் வந்தது. எழுத்துப் பிழை நீக்க ஒரு வாழ்நாளைச் செலவிட்டவருக்கான மலரில் இது நடந்தது. அந்த மலரைக் கையில் வைத்துப் படித்து மேடையேறிய ஒரு சிறுமி, என் பெயரைச் சொல்லியே முப்பது குதிரைவீரரைப் பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கினாள். நடுவர் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

திவான் வேடத்தைக் கழற்றச் சொல்வதால் குறையற்ற மனிதர் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் என்னும் சீர்திருத்தக் கிறித்தவ சபையினரோடு அவர் நடத்திய எழுத்துப் போரில் அவர் நாக்கு மிகவும் கூர்மை. லுத்தேரினத்தியல்பு என்னும் நூலை இன்று நம் சபை மேடையிலேயே வாசிக்க முடியாது. முனிவர் பணியாற்றிய இயேசு சபையின் மதுரை மிஷன் குருக்கள், அச்சபையின் நொபிலி 1606-இல் தொடங்கிவைத்த வழியில் காவியும் சைவ உணவுமாக இந்த மண்ணோடு ஒன்றியது போலவே, இந்த மண்ணின் சாதி வேறுபாட்டையும் பெரும்பாலும் அப்படியே உடன்கொண்டு போனார்கள். அது பற்றிய வழக்கு ரோமாபுரி வரை போய், 1744-இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஆணையிட்டும் தீரவில்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நின்ற காலத்தை நம்மில் மூத்தவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்தச் சுவரின் ஒரு செங்கல்லாவது அந்தக் காலத்துச் சமரசத்தில் வெந்தது என்பதை விழாமலர் ஒரு வரியில் சொன்னால் முனிவர் சிறுமைப்பட மாட்டார்.

அந்த எழுத்துப் போரின் நடுவே நடந்த ஒன்றைத்தான் நாடகத்துக்கு நான் முன்மொழிகிறேன். 1706-இல் லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு வந்திறங்கி, சில ஆண்டுகளில் அச்சுக்கூடம் கண்ட தரங்கம்பாடி நம் ஆறு கடலில் கலக்கும் பகுதிக்கு அருகில் உள்ள ஊர். முனிவர் அங்கிருந்து வந்த நூல்களை மறுத்து எழுதினார். அங்கிருந்தவர்கள் அவரை மறுத்து எழுதினார்கள். இரு தரப்பிலும் மென்சொல் குறைவு. இப்படியிருக்க, 1738-இல் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டது யார்? தரங்கம்பாடி லுத்தரன் அச்சுக்கூடம்தான். பேச்சுத்தமிழைக் கற்க அதைவிட நல்ல இலக்கணம் அவர்களிடம் இல்லை. ஆகவே எதிராளியின் நூலை அவர் பெயரோடு, தங்கள் தாளில், தங்கள் மையில் அச்சிட்டார்கள். ஓர் அச்சுக்கோப்பவர், எழுத்து எழுத்தாக, தன் குருவை ஏசியவரின் நூலைக் கோத்துக்கொண்டிருக்கும் அந்தக் காட்சிக்கு எந்த அரசவைக் காட்சி ஈடாகும்? நம் இளைஞர் குழுவினர் நல்ல நடிகர்கள். அவர்களுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்.

இனி நடைமுறை. குதிரைக்குக் கொடுத்த முன்பணம் திரும்பாது என்றால் அதைத் தேர்ப்பவனிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், எனக்கு அதில் மாறுபாடு இல்லை. பேச்சுப்போட்டித் தலைப்புகளில் 'திவான் வீரமாமுனிவர்' என்பதை நீக்கிவிட்டு 'ஒரு சுழி' என்று வையுங்கள். சிறுவர்கள் நம்மை விட நன்றாகப் பேசுவார்கள். மலரின் நடுப்பக்கத்தில் பல்லக்குக்குப் பதிலாக எ, ஏ, ஒ, ஓ என்னும் நான்கு எழுத்தின் பழைய வடிவையும் புதிய வடிவையும் பெரிதாகப் போடலாம். வண்ணம் தேவைப்படாது, செலவும் குறைவு. நூலகத்துக்குச் சதுரகராதி ஒரு படி வாங்க, என் ஓய்வூதியத்திலிருந்து நான் தருகிறேன். பத்தாம் வகுப்புப் பாடநூலில் தேம்பாவணியிலிருந்து கருணையன் (திருமுழுக்கு யோவான்) தன் தாயை இழந்து அழும் பாடல்கள் இருக்கின்றன. மறைக்கல்வி வகுப்பில் சமயம் பாராமல் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டி அவற்றை ஒருநாள் வாய்விட்டுப் படிக்கவைக்க முடியும். விழா மேடைக்குத் தரங்கம்பாடி லுத்தரன் சபையிலிருந்து ஒருவரை அழைத்து, 1738-இல் அவர்கள் செய்த உதவிக்கு நாம் ஒரு மாலை போட வேண்டும் என்பது என் ஆசை. பேரவையில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

கடைசியாக, அந்தப் பீடச் சிறுவனுக்கு நான் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், மாதா கெபிக்கு எதிரே உள்ள வேப்பமர நிழலில் ஒரு கட்டு ஓலை நறுக்கும் இருபது கோணி ஊசியும் கொண்டுவந்து உட்கார்ந்திருப்பேன். அவனோடு மற்றப் பிள்ளைகளையும் அனுப்பி வையுங்கள். குழுவினரும் வரலாம்; ஆளுக்கொரு ஊசி இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்,
கொள்ளிடத் தென்கரை.